டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: போக 9 மணி நேரம், திரும்ப 12 மணி நேரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மழைத்துளி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வட ஜப்பானில் இருக்கும் சப்போரோவில் அக்கா வீட்டில் இருக்கிறார். முடிந்தபோதெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து என்னோடு சில வாரங்கள் தங்குவார். சப்போரோவிலிருந்து டோக்கியோவின் நரித்தா விமான நிலையம் வரை உள்நாட்டு விமானம், நரித்தாவிலிருந்து நேராக இங்கே. திரும்பும்போதும் அதே வழி.

அம்மாவிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. விமானத்தின் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நிமிடத்தையும், மறுபடி தரையைத் தொடும் நிமிடத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதில் எழுதிவிடுவார். நடுவில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவே மாட்டார். அதனால் நேர மண்டலக் குழப்பம் எதுவும் அதில் இல்லை. நரித்தா – லாஸ் ஏஞ்சல்ஸ் பறப்புக்கு மட்டும் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

2023 ஜனவரி, வந்தது: 8 மணி 52 நிமிடம்
2023 பிப்ரவரி, திரும்பியது: 11 மணி 48 நிமிடம்
2023 ஜூலை, வந்தது: 9 மணி 31 நிமிடம்
2023 ஆகஸ்ட், திரும்பியது: 10 மணி 42 நிமிடம்
2024 டிசம்பர், வந்தது: 9 மணி 3 நிமிடம்
2025 ஜனவரி, திரும்பியது: 11 மணி 36 நிமிடம்

ஆறு முறையும் போயிங் 777தான். தூரமும் மாறவில்லை. வருவதற்கும் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா அதை ஏற்கிறார். ஆனால் அவர் கேட்பது வேறு: "காற்று போகும்போது கொடுப்பதைத் திரும்பும்போது எடுத்துக்கொள்கிறது என்றால், போக வர ஆகும் மொத்த நேரம் எப்போதும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? குளிர்காலத்தில் கூட்டினால் 20 மணி 40 நிமிடம் வருகிறது, கோடையில் 20 மணி 13 நிமிடம்தான். மிச்சம் 27 நிமிடம் எங்கே போனது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாவது சந்தேகம் தூரத்தைப் பற்றி. இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட 35 டிகிரி வடக்கு அட்சரேகையில்தான் இருக்கின்றன. அதனால் அம்மா அந்த ரேகை வழியாகவே தூரம் கணக்குப் போட்டார். ஏறக்குறைய 9,200 கிலோமீட்டர் வந்தது. இணையத்தில் தேடினால் 8,750 என்று இருக்கிறது. இதில் எது சரி?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 2023 பிப்ரவரியில் இங்கிருந்து விமானம் 35 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நரித்தாவில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா ஓடுவதற்குள் சப்போரோ விமானத்தின் செக்-இன் மூடிவிட்டது. அன்றைக்கு அதுதான் கடைசி விமானம். இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அக்காவிடம் போனில்கூடச் சொல்லவில்லை, காலையில்தான் சொன்னார். இப்போது வரும் ஜனவரிக்கு டிக்கெட் பார்க்கிறேன். நரித்தாவில் 1 மணி 55 நிமிட இடைவெளி உள்ள இணைப்பு ஒன்று கிடைக்கிறது. அதை எடுக்கலாமா? அல்லது அதற்கு அடுத்தது 4 மணி 20 நிமிட இடைவெளி. அம்மா அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமே என்றும் இருக்கிறது.

கணக்கன்

தூரக் கேள்விக்கு நான் சொல்கிறேன், மற்றதை அந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உங்கள் அம்மாவின் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. 35 டிகிரி ரேகையை விட்டு விலகாமல் கிழக்கே போனால் அவ்வளவு தூரம்தான் வரும். ஆனால் உருண்டையின் மேல் அது குறுக்கு வழி இல்லை. பூமத்திய ரேகையைத் தவிர மற்ற எந்த அட்சரேகையும் வளைந்த பாதைதான். நூல் பிடித்த மாதிரி நேராகப் போக வேண்டுமென்றால், பூமியை இரண்டு சம பாதியாக வெட்டும் பெருவட்டத்தின் மேல் போக வேண்டும்.

லாக் டேபிள் புரட்டிய தலைமுறை என்பதால் அவரே போட்டுப் பார்க்க விரும்புவார், முழுதாகவே தருகிறேன். நரித்தா 35.76 வடக்கு, 140.39 கிழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையம் 33.94 வடக்கு, 118.41 மேற்கு. தீர்க்கரேகை இரண்டையும் கூட்டினால் 258.80. அதை 360-இலிருந்து கழித்தால் பசிபிக் பக்கமாக 101.20 டிகிரி.

இரண்டு அட்சரேகைகளின் சைன் பெருக்கல்: 0.5844 × 0.5583 = 0.3263. கொசைன் பெருக்கல்: 0.8115 × 0.8296 = 0.6732. அதை 101.20-இன் கொசைனான −0.1942-ஆல் பெருக்கினால் −0.1308. இரண்டையும் கூட்டினால் 0.1955. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று பார்த்தால் 78.73 டிகிரி. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று எடுத்தால் ஒரு டிகிரிக்கு 111.195 கிலோமீட்டர். பெருக்கினால் 8,754.

78.73-ஐ 60-ஆல் பெருக்கினால் 4,724. அது கடல் மைலில் அதே தூரம், ஏனென்றால் கடல் மைல் என்பதே ஒரு கலை (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) அளவு கோணத்துக்குரிய தூரம் என்றுதான் பிறந்தது. பள்ளியில் இதைச் சொல்லித்தரும்போது பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

பூமி கச்சிதமான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் துல்லியமாகப் போட்டால் இருபது முப்பது கிலோமீட்டர் முன்பின் ஆகலாம். ஆனால் 9,200 வராது.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் தானாக வடக்கே ஏறும். நடுவழியில் 48 டிகிரி அட்சரேகையைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்கும்.

திசைமானி

22 வருடம் விமான டிஸ்பாட்ச் வேலை பார்த்தவன். ஒரு விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டு, கேப்டனோடு சேர்ந்து கையெழுத்துப் போடும் வேலை. பசிபிக் வழித்தடங்களில் நிறைய ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் நோட்டைப் படித்ததும் எழுந்து போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தேன். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு நகர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் கலந்திருக்கும். அவர் சக்கரம் எழும்பியதிலிருந்து தொட்டது வரை மட்டும் எழுதியிருக்கிறார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் 27 நிமிடம். விமானம் காற்றுக்குள்ளே போகும் வேகம் எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான், மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வையுங்கள். காற்றே நகர்ந்தால் அதன் மேல் போகும் விமானமும் சேர்ந்து நகரும். 100 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்து வேகம் 1,000. முன்னாலிருந்து வந்தால் 800. இப்போது 8,754-ஐ வகுத்துப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் 9 மணி 44 நிமிடம். பின்காற்றில் 8 மணி 45. எதிர்காற்றில் 10 மணி 57. போகும்போது லாபம் 59 நிமிடம், வரும்போது நஷ்டம் 73 நிமிடம். எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரமும் கூடுதல். அதனால் கொடுத்ததை விட எடுத்துக்கொள்வது எப்போதும் அதிகம். காற்று எவ்வளவு பலமோ, வித்தியாசமும் அவ்வளவு பெரிது.

இதை அவருடைய எண்களிலேயே காட்டலாம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவு, அதற்காக ஒவ்வொரு பறப்பிலும் 20 நிமிடத்தைக் கழித்துவிட்டு வகுத்தேன். 2023 ஜூலையில் சராசரி பின்காற்று மணிக்குச் சுமார் 53 கிலோமீட்டர். ஆகஸ்டில் எதிர்காற்று 56. அந்த ஜனவரியில் பின்காற்று 126, பிப்ரவரியில் எதிர்காற்று 137. கோடையை விடக் குளிர்காலத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! இந்தக் காற்றைச் சூத்திரத்தில் போட்டால் 27 நிமிடத்தில் பெரும்பகுதிக்குக் கணக்கு வந்துவிடுகிறது. மீதிச் சில நிமிடங்கள் சுற்று வழியால் வந்திருக்கும், அதைக் கீழே சொல்கிறேன். ஒரு கைக்கடிகாரத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு வான்காற்றை அளந்திருக்கிறார் உங்கள் அம்மா. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு. பயணிகள் விமானம் பறக்கும் உயரமும் அதுதான். குளிர்காலத்தில் சைபீரியாவின் கடுங்குளிர்க் காற்றும் தெற்கே இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் ஜப்பானுக்கு மேலே அருகருகே வருகின்றன. அந்த வெப்ப வித்தியாசம்தான் இந்தக் காற்றை ஓட்டுகிறது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் ஜப்பான் வானத்தில் அதன் நடுப்பகுதி மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். கோடையில் மெலிந்து வடக்கே நகர்ந்துவிடும்.

இதை முதலில் அளந்தவரும் ஜப்பானியர்தான். வாசாபுரோ ஓய்ஷி என்ற வானிலை அறிஞர் 1920களில் தாத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு, தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கி வழியாகப் பின்தொடர்ந்து, மேலே இவ்வளவு வேகக் காற்று இருக்கிறது என்று கண்டார். 1926-இல் எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டார், உலகமே படிக்கட்டும் என்ற ஆசையில். வெளியே அனேகமாக யாரும் கவனிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் நேரடியாகப் போய் மாட்டிக்கொண்டார்கள். 1952 நவம்பரில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு 25,000 அடி உயரத்தில் இந்தக் காற்றின் மேல் ஏறிப் பறந்தது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஓய்ஷியின் பெயரை எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கும். அவர் எழுதியதை அப்போதே நாலு பேர் படித்திருக்கலாம்.

இப்போது சுற்று வழி. வடபசிபிக்கில் வழிகள் பெரும்பாலும் நிரந்தரம் இல்லை. நான் வேலை பார்த்தபோது அமெரிக்கப் பக்கம் ஓக்லாந்து, ஜப்பான் பக்கம் ஃபுக்குவோக்கா விமானக் கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாகத் தடங்கள் போட்டன. கிழக்கே போகும் விமானம் ஜெட் ஸ்ட்ரீம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஏறிக்கொள்ளும், கணக்கன் சொன்ன குறுக்கு வழியை விட்டுத் தெற்கே இறங்கியாவது. மேற்கே போவது அதைத் தவிர்க்க வடக்கே அலூஷியன் தீவுகள் பக்கம் ஒதுங்கும். சில நாட்களில் 300, 400 கிலோமீட்டர் கூடுதலாகப் போனாலும் மொத்தத்தில் நேரம் மிச்சம். எங்கள் வேலையில் கிலோமீட்டரை யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டோம். நிமிடமும் எரிபொருளும்தான் கணக்கு. பெரிய 777 ஒரு மணி நேரத்துக்கு ஏழு எட்டு டன் குடிக்கும். பிப்ரவரியில் மேற்கே போகும் விமானத்துக்குத் திட்டம் போடும்போது திரையில் காற்று அம்புகள் எல்லாம் நம்மைப் பார்த்தே நிற்கும். ஐந்து தடங்களைப் போட்டுப் பார்த்து, ஆறாவதில் நான்கு நிமிடம் குறைந்தால் அன்றைக்கு மனசுக்கு நிம்மதி.

இணைப்பு விமானத்தைப் பற்றி: 1 மணி 55 நிமிடத்தை எடுக்காதீர்கள். கால அட்டவணையில் குளிர்காலத்துக்குத் தனியாக நேரம் கூட்டித்தான் போடுவார்கள். ஆனால் அது பெரும்பாலான நாட்களுக்குப் போதும் என்ற கணக்கு. காற்று மிக பலமாக இருக்கும் நாளில் இன்னும் அரை மணி போகும். நரித்தாவில் இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கம், மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டியை ஒப்படைப்பது எல்லாம் பயணியே செய்ய வேண்டும். 71 வயதில் இதை ஓட்டமாகச் செய்யக் கூடாது. அதிலும் ஜனவரியில் சப்போரோவின் நியூ சிட்டோசே விமான நிலையம் பனியால் தடுமாறும் மாதம். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்து இன்னொன்று அன்றைக்கே இருக்கிற மாதிரி எடுங்கள். 4 மணி 20 நிமிடம்தான் என் ஓட்டு. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள். நடக்க முடிந்தாலும் கேளுங்கள், வரிசைகளில் நிற்கும் நேரம் குறையும். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் இணைப்பு தப்பினாலும் அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அப்படி இல்லை.

இறக்கை

திசைமானி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காற்று மட்டும் இல்லை, வானத்தில் எந்த வழி திறந்திருக்கிறது என்பதும் நேரத்தைத் தீர்மானிக்கும். ஹெல்சிங்கி – டோக்கியோ பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் வட துருவத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. சுமார் 13 மணி நேரம் ஆனது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

அதே ஜெட் ஸ்ட்ரீம் சமாசாரம் அட்லாண்டிக்கிலும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் பின்காற்றில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் ஒலியை மீறவில்லை, ஏனென்றால் காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமானதுதான்.

மழைத்துளி, உங்கள் அம்மா ஜப்பானிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே தேதியில் காலை 10 மணிக்கு உங்களிடம் வந்து இறங்குவாரே, பசிபிக் நடுவே தேதி மாறும் நாள்கோட்டைத் தாண்டுவதால். அதை நோட்டில் எப்படி எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மழைத்துளி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவுக்கு வீடியோவில் ஒவ்வொரு பதிலாகப் படித்துக் காட்டினேன்.

கணக்கன் ஐயா, உங்கள் கணக்கைப் படித்து முடிக்கும் முன்பே "நிறுத்து, நானே போடுகிறேன்" என்றார். கால் மணி நேரம் தலை நிமிரவில்லை. 78.73 வந்ததும் நோட்டைக் கேமரா பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு அக்கா பையனின் உருண்டையை எடுத்து, தையல் நூலை நரித்தாவில் ஒரு விரலாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விரலாலும் அழுத்திப் பிடித்தார். நூல் நழுவி நழுவி வடக்கே ஏறி நின்றது. "இத்தனை நாள் ஜன்னல் வழியாக நான் பார்த்த கடல் எது என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

திசைமானி ஐயா, 59 நிமிட லாபம், 73 நிமிட நஷ்டம் என்று படித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேகத்தைச் சராசரி எடுக்கக் கூடாது என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், இதுவும் அதே கணக்குதானே" என்றார். ஓய்ஷியின் பெயரைத் தனியாக எழுதச் சொல்லி, ஜப்பானிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இறக்கை, அவர் தேதி எழுதுவதே இல்லை, மாதம் மட்டும்தான். நாள்கோடு பற்றிக் கேட்டதற்கு, "என் கடிகாரத்துக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன்" என்றார்.

4 மணி 20 நிமிட இணைப்பையே எடுத்துவிட்டேன், இரண்டும் ஒரே டிக்கெட்டில். சக்கர நாற்காலிக்கும் சொல்லியாகிவிட்டது. முதலில் வேண்டாம் என்றார். பிப்ரவரி இரவை நினைவுபடுத்தினேன், சரி என்றார். அதற்கு அடுத்த சப்போரோ விமானமும் அன்றைக்கு உண்டு, பார்த்துக்கொண்டேன்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஜனவரி திரும்பும் வரிக்கு எதிரே பென்சிலால் 11 மணி 40 நிமிடம் என்று எழுதி வைத்திருக்கிறார். எதிர்காற்று 125 என்று வைத்துப் போட்டாராம், சுற்று வழிக்குக் கொஞ்சம் சேர்த்து. பேனாவால் எழுத வேண்டியது ஜனவரியில். அந்த எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.